மூச்சு பழகும் கூடம்

நாச்சிமுத்துவின் புது நுரையீரல் முதல்முறையாகக் காற்றை இழுத்த அன்று அவர் மனைவி கலாமணி கச்சாயம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். கூடத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் செருப்பு மாற்றுகிற வாசலிலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். திவாகருக்கு மட்டும் இரண்டு.

"எடுத்துக்குங்க தம்பி. நம்ம பெட்டி ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்குது. இனிமே நாம ஒரே வளவுக்காரங்க."

திவாகர் இரண்டையும் தின்றான். வீட்டில் சமைத்த எதையும் அவன் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடி முழுவதும் பழகு கூடம்தான். நீளமான அறை. இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஜோடி நுரையீரல், யாருடைய மார்புக்குள்ளும் இல்லாமல், இளஞ்சிவப்பாக விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். மேல் மாடியில் படுத்திருக்கும் நோயாளிகளின் தோலிலிருந்து கிள்ளி எடுத்த திசுவை வைத்து வளர்த்தவை அவை. பெட்டியின் மூடியில் ஒரு குழாய் வாய். அதன் வழியாகக் கூடத்துக் காற்றை இழுக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் அந்த நோயாளியின் வீட்டு ஆள் ஒருவர் தினமும் அரை நாள் உட்கார வேண்டும்.

எதற்காக உட்கார வேண்டும் என்று திவாகர் முதல் நாளே கேட்டான். அவன் பம்பு செட் வடிவமைக்கிற பொறியாளன். காரணம் தெரியாமல் எதையும் செய்ய வராது அவனுக்கு.

"மெஷின் மூச்சு விட வைக்கும். பழக வைக்காது" என்றார் டாக்டர் ரெஹானா. "ஆரம்பத்துல நாங்க வடிகட்டின காத்துல வெச்சே வளர்த்தோம். ஆபரேஷனும் நல்லா முடிஞ்சுது. வீட்டுக்குப் போனதும்தான் வினை. சாம்பிராணிப் புகை, தலகாணித் தூசு, கட்டினவன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்னு எல்லாத்தையும் எதிரின்னு நெனச்சு அந்த நுரையீரல் சண்டைக்கு நின்னுது. வீங்கிப் போச்சு. பல பேரைக் காப்பாத்த முடியலை."

"அப்ப நாங்க உக்காந்தா?"

"நுரையீரலுக்குள்ள காவல்காரன் மாதிரி சில செல் இருக்கு. ஆரம்ப மாசங்கள்ல எதையெல்லாம் நிம்மதியாப் பார்க்குதோ, அதையெல்லாம் நம்ம வீட்டு ஆளுன்னு எடுத்துக்கும். உங்க மூச்சு, உங்க துணி, துணியில ஒட்டியிருக்கிற உங்க வீட்டுத் தூசு, இதையெல்லாம்தான் நீங்க இங்க கொண்டு வரணும். குளிச்சுட்டு வாங்க. சென்ட் மட்டும் போட்டுக்காதீங்க."

பிறகு அவனை வாசலுக்கு அழைத்துப் போய் சிஸ்டர் எமிலி விதிகளைச் சொன்னாள். பூ வேண்டாம். ஊதுபத்தி வேண்டாம். சிகரெட், பீடி, வேப் மூன்றும் இந்தக் கட்டடத்தில் எங்கேயுமே கூடாது.

"வேப் வெறும் ஆவிதானே சிஸ்டர்?" என்று யாருக்காகவோ கேட்பதைப் போலக் கேட்டான்.

"ஆவின்னா தண்ணி கொதிச்சு வர்றது சார். இது பிசுபிசுன்னு இருக்கிற திரவத்தைச் சூடாக்கிப் பொடித் துளியா ஊதறது. அதுல நிகோட்டின் இருக்கு, வாசனைச் சரக்கு இருக்கு. நீங்க ஒருத்தர் ஊதினா, வார்டுல மூச்சுக்குத் திணறிட்டுக் கிடக்கிறவங்களும் சேர்ந்துதான் அதை இழுக்கணும். ஆக்சிஜன் ஓடற எடத்துல அந்த பேட்டரி சூடாச்சுன்னா தீ புடிக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதே விதிதான். இங்க இன்னொண்ணும் இருக்கு." கூடத்தின் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். "இதுகளோட காவல் செல், அந்தத் துளியை முழுங்கும். செரிக்க முடியாது. முழுங்கி முழுங்கி அப்படியே வீங்கி நிக்கும். பழகாத நுரையீரல்னா அன்னிக்கே முடிஞ்சுது."

திவாகர் தலையாட்டினான். கட்டைவிரல் நீளமுள்ள வேப் குழல் ஒன்று அவன் கால்சட்டைப் பையில் இருந்தது.

கல்லூரி நாளில் பிடித்த பழக்கம் அது. சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு வந்தான். பிறகு வேப்பை விட முடியவில்லை. நாட்டில் தடை செய்த சாமான்தான், ஆனாலும் கேட்டால் கிடைக்கும். அவன் மனைவி ஹரிணிக்கு அந்த வாசனையே ஆகாது. காய்ச்சல் ஒன்று வந்து அவள் நுரையீரல் இறுகத் தொடங்கியபோது, அதைக் குப்பையில் போட்டுவிட்டதாக அவளிடம் சொன்னான். போடத்தான் போனான். போடாமல் திரும்பி வந்தான்.

கூடத்தில் நாட்கள் மெதுவாகப் போயின. கலாமணிக்கு ஈரோடு. மஞ்சள் மண்டித் தெருவில், கிடங்குக்கு மேல் மாடியில் வீடு. நாச்சிமுத்து மஞ்சள் தரகர். வருஷக்கணக்கில் மூட்டைகளுக்கு நடுவே நின்று தூசியை இழுத்து அவர் நுரையீரல் தழும்பேறிப் போயிருந்தது. கலாமணி தினமும் ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். சேலை ஓரத்தில் எப்போதும் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். வந்ததும் நாற்காலியைப் பெட்டிக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, நுரையீரலிடம் பேச ஆரம்பித்துவிடுவாள்.

"ஏனுங், கேக்குதுங்களா? நேத்து மண்டியில சென்னிமலைக்காரரு வந்து ஒரே சத்தம். விரலி மஞ்ச ஈரமா இருக்குதுன்னு சொல்லீட்டாங்களாம். நீங்க இருந்திருந்தா ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பீங்க."

திவாகர் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"நீங்க ஏன் தம்பி அம்மிணிகிட்டப் பேசவே மாட்டீங்கறீங்க?"

"அதுக்குக் காது இல்லீங்களே அக்கா."

"காதுக்கா பேசறோம்? பேசினாத்தானே மூச்சு நெறையா வெளிய வரும். டாக்டரம்மா மூச்சுதானே கேட்டாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து அவனும் பேசத் தொடங்கினான். அடுக்குமாடியில் லிஃப்ட் மறுபடியும் நின்றுபோனதை, ஹரிணியின் பள்ளியில் அவளுக்குப் பதிலாக எட்டாம் வகுப்புக்கு வந்த கணக்கு டீச்சரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொன்னான். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, மேல் மாடியில் முகமூடி போட்டுப் படுத்திருக்கும் ஹரிணியிடம் சொல்ல முடியாதவற்றையெல்லாம் இங்கே சொல்ல முடிகிறது என்பதைக் கவனித்தான். கண்ணாடிக்குள் அந்த நுரையீரல் தளராமல் விரிந்து சுருங்கும். அதைப் பார்த்தபடி இருந்தால் மனது அடங்கும்.

அப்படியும் அடங்காதபோது தீயணைப்புப் படிக்கட்டுக்குப் போவான். அங்கே யாரும் வருவதில்லை. சுவரில் தகரப் பட்டைகள் வைத்த ஒரு சாளரம் இருந்தது. காற்று வெளியே போகிற வழி என்று நினைத்துக்கொண்டான். அதன் அருகே நின்று இரண்டு இழுப்பு இழுத்து, சாளரத்தை நோக்கி ஊதுவான். புகை நொடியில் காணாமல் போய்விடும். வாயைக் கொப்பளித்து, சற்று நேரம் கழித்துத்தான் கூடத்துக்குத் திரும்புவான். தன்னால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்வதாகவே அவன் நம்பினான்.

ஆடி மாதத்தில் ஒரு காலை ஹரிணிக்கு மூச்சு மிகவும் இறங்கிப்போனது. ஆபரேஷன் வரைக்கும் அவள் தாங்குவாளா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். திவாகர் மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்தான். கூடத்துக்குள் போகவில்லை. படிக்கட்டுக்குப் போனான். அன்று இரண்டு இழுப்போடு நிற்கவில்லை. குழல் சூடேறும்வரை இழுத்து இழுத்து ஊதினான்.

அவன் கூடத்துக்குத் திரும்பியபோது நாச்சிமுத்துவின் பெட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். பெட்டியின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. இளஞ்சிவப்பாக இருந்த நுரையீரலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் கிளம்பியிருந்தன. மூச்சு பாதியில் நின்று, உதறி, மறுபடி இழுத்தது. கலாமணி கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "ஏனுங், மெதுவா, மெதுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹரிணியின் பெட்டி குழாய் வாயைக் கழுவுவதற்காக அந்த நேரம் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற பெட்டிகளில் இருந்தவை பழகி முதிர்ந்தவை. லேசாகத் தடுமாறி நிமிர்ந்துவிட்டன. காற்றை அறிந்து சில வாரங்களே ஆகியிருந்தது நாச்சிமுத்துவினுடையது மட்டும்தான்.

மாலையில் டாக்டர் ரெஹானா எல்லோரையும் கூட்டிச் சொன்னார். "காத்துல வேப் துளி இருந்திருக்கு. கருவி காட்டுது. வெளிக்காத்து உள்ள வர்ற சாளரத்துக்கிட்ட யாரோ ஊதியிருக்காங்க. யாருன்னு தெரியலை. தெரிஞ்சா சொல்லுங்க."

வெளிக்காற்று உள்ளே வருகிற சாளரம். தண்ணீரும் காற்றும் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போடுவதுதான் திவாகரின் பிழைப்பு. அந்தச் சாளரத்தின் முன்னால் ஒரு காகிதத்துண்டைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். ஊதிய புகை ஏன் அத்தனை வேகமாக மறைந்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். கலாமணி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"அழுவாதீங்க தம்பி. அம்மிணிக்கு ஒண்ணும் ஆவலை. இவருக்கு வேற ஜோடி வளத்தலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஆறேழு மாசம் ஆவுமாம். அவரு தாங்கிக்குவாரு."

அந்தக் கை தோளில் இருந்த நேரம் முழுவதும் அவனால் நிமிர முடியவில்லை.

மறுநாள் காலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் போய் நின்றான். அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நடைபாதையிலேயே சொன்னான். நீட்டிச் சொல்லவில்லை. படிக்கட்டு, சாளரம், வேப், நான்தான்.

கலாமணி கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

"என்ன வாசம் அது?" என்று கேட்டாள்.

"மாம்பழம்."

"ஆமா." சாலைப் பக்கம் திரும்பினாள். "எனக்கு வந்துச்சு. யாரோ பழம் கொண்டாந்திருக்காங்க போலன்னு நெனச்சேன். ஆடியில ஏது மாம்பழம்னும் நெனச்சேன். அவருக்கு மாம்பழம்னா உசிரு. ஏனுங், வாசம் வருதுங்களான்னு அவரு பெட்டிகிட்டக் கேக்கக்கூடச் செஞ்சேன்."

கூடையோடு மருத்துவமனைக்குள் போய்விட்டாள்.

நிர்வாகத்திலும் அவனே போய்ச் சொன்னான். போலீசுக்குப் போகலாம் என்றார்கள். புகார் எழுதித் தரக் கலாமணி மறுத்துவிட்டாள். எழுதிக் கொடுத்தால் அவருக்கு நுரையீரலா வரப்போகிறது என்று கேட்டாளாம். ஆனால் திவாகர் இனிமேல் கூடத்துக்குள் வரக்கூடாது என்று டாக்டர் ரெஹானா சொல்லிவிட்டார்.

"தண்டனைக்காகச் சொல்லலை. வருஷக்கணக்கா ஊதியிருக்கீங்க. உங்க மூச்சுல, உங்க துணியில, உங்க வீட்டுச் சுவத்துல கூட அது படிஞ்சிருக்கும். இத்தனை நாள் ஹரிணியோட நுரையீரல் எப்படித் தப்பிச்சுதுன்னே எனக்குத் தெரியலை. இனி நான் துணிய மாட்டேன்."

"அப்ப அவ பெட்டிகிட்ட யார் உக்காருவா டாக்டர்? அவளுக்கு அம்மா இல்லை. அக்கா கனடாவுல."



ஹரிணியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. முகமூடிக்குள் அவளால் பேச முடியாது. கையில் இருந்த பலகைத் திரையில் விரலால் எழுதுவாள். அவன் சொல்லி முடித்ததும் மெதுவாக எழுதினாள்.

'குப்பையில போட்டேன்னு சொன்னீங்க.'

"ஆமா."

'அவர் எந்த வார்டு?'

"மேல. ஆம்பளைங்க வார்டு."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் கட்டிலின் ஓரத்தில் நெடுநேரம் நின்றான். அன்று அந்தக் குழலைக் கழிவுப் பெட்டியில் போட்டான். இந்தமுறை திரும்பி வரவில்லை. அடுத்த சில வாரங்கள் உடம்பு உதறியது, தூக்கம் கெட்டது, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். இதையெல்லாம் முன்பே அனுபவித்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வான்.

ஒரு நாள் வாசலில் சிஸ்டர் எமிலி அவனை நிறுத்தினாள். "சார், ஹரிணி மேடம் பெட்டிகிட்ட ஆள் உக்காருது. கலாமணியம்மா."

அவனுக்குப் புரியவில்லை. கேண்டீன் பக்கம் ஓடினான். கலாமணி தனியாக ஒரு மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் நின்றதும், நிமிராமலே பேசினாள்.

"உங்களுக்காக இல்லீங்க. நல்லவளாட்டம் பேரு வாங்கறதுக்கும் இல்ல. அவரு புது ஜோடி இன்னும் கண்ணுக்கே தெரியாத அளவுல இருக்குது. அது வாய் தொறக்கற வரைக்கும் நான் எங்க போயி உக்கார்றது? வூட்டுல இருந்தா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அது பாட்டுக்கு மூச்சு விட்டுட்டு ஒண்டியாக் கெடக்குது. அது என்ன பண்ணுச்சு பாவம்?"

"அக்கா..."

"அப்படிக் கூப்பிடாதீங்க." டம்ளரை வைத்தாள். "போங்க. டீயக் குடிக்க வுடுங்க."

அவன் அதற்குப் பிறகு அவளை அப்படிக் கூப்பிடவில்லை. பார்த்தாலும் ஒதுங்கிப் போனான். ஈரோட்டு பஸ் வரும் நேரத்தில் மட்டும் ஐந்தாம் மாடி ஜன்னலருகே நின்று, அவள் கேட்டுக்குள் நுழைகிறாளா என்று பார்ப்பான். நுழைவாள். சேலை ஓரத்து மஞ்சள் அங்கிருந்தே தெரியும்.

நாச்சிமுத்து ஐப்பசியில் இறந்துபோனார். புது ஜோடி அப்போது ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். மழை விடாமல் பெய்த மதியம் அது. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டிப் போவதைத் திவாகர் ஜன்னலிலிருந்து பார்த்தான். ஹரிணி பின்னால் கட்டிலில் இருந்தபடி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பியதும் கையை நீட்டினாள். ஆடிக்குப் பிறகு அவள் அவன் கையைப் பிடித்தது அன்றுதான்.

இனி அந்தப் பெட்டியின் அருகே நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். கேட்கவோ எதிர்பார்க்கவோ அவனுக்கு உரிமையில்லை. ஆனால் ஈரோட்டில் காரியமெல்லாம் முடிந்த சில நாட்களில் சிஸ்டர் எமிலி மேலே வந்து மெதுவாகச் சொன்னாள். "வந்துட்டாங்க சார். உக்காந்திருக்காங்க. இப்பல்லாம் பேசறதில்ல. சும்மா மடியில ஒரு பையை வெச்சுட்டு உக்காந்திருக்காங்க."

தை பிறந்ததும் ஹரிணிக்கு ஆபரேஷன் நடந்தது. கலாமணி அதற்கு முந்தின நாள்வரை வந்தாள். அதன் பிறகு வரவில்லை. ஹரிணியைப் பார்க்க ஐந்தாம் மாடிக்கு ஒருமுறைகூட ஏறியதில்லை அவள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மருத்துவமனையில் இருந்தவரை ஹரிணி நன்றாகத்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. திவாகர் சுவருக்கெல்லாம் புது வர்ணம் அடித்திருந்தான். மெத்தை, திரைச்சீலை எல்லாம் மாற்றியிருந்தான். காற்று வடிகட்டி இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. தூசி என்று சொல்ல ஒரு பொட்டு கிடையாது. அப்படியும் அவளுக்கு நெஞ்சு கீச்சிட்டது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதுக்கு நின்று மூச்சு வாங்கினாள். மருந்தைக் கூட்டியும் வீக்கம் வடியவில்லை.

டாக்டர் ரெஹானா ஸ்கேன் படங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"நுரையீரல் நல்லா இருக்கு. ஆனா உங்க வீடு அதுக்கு வேத்து வீடு. முன்ன உங்ககிட்டப் பழகினது மறந்துபோச்சு. ஆடிக்கு அப்புறம் அது பார்த்ததெல்லாம் ஒரே ஒரு ஆளோட காத்து. அந்தம்மா மூச்சு, அந்தம்மா சேலை, அந்த மண்டித் தெருத் தூசு. அதைத்தான் தன் வீடுன்னு எடுத்துக்கிட்டிருக்கு."

"மஞ்சத் தூசா?" என்றான் திவாகர். "அதுலதானே டாக்டர் அவரு..."

"அவருக்கு அது வருஷக்கணக்கா மூட்டை மூட்டையா உள்ள போச்சு. நான் சொல்றது சேலையில ஒட்டற அளவு. தினம் கொஞ்ச நேரம் அந்தக் காத்துல இவங்க இருந்தா காவல் செல் அடங்கும். அடங்கின பிறகு உங்க வீட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கலாம். சண்டை போட்டுட்டு இருக்கிறப்போ எதையும் பழக்க முடியாது."

"வேற வழி?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

காரில் திரும்பும்போது திவாகர் சொன்னான், "எந்த மூஞ்சியை வெச்சுட்டு அந்த வூட்டு வாசல்ல போய் நிக்கறது?"

"உங்க மூஞ்சி வேண்டாம்." ஹரிணி மூச்சுக்கு நின்று தொடர்ந்தாள். "நான் போறேன். வண்டி ஓட்டுங்க. அது போதும்."

மஞ்சள் மண்டித் தெருவில் காலையிலேயே லாரிகள் நின்றன. மூட்டை இறக்குகிறவர்களின் தோளும் தலையும் மஞ்சளாக இருந்தன. வெயிலில் அந்தப் பொடி மினுங்கியது. கிடங்குக்குப் பக்கவாட்டில் செங்குத்தான படிக்கட்டு. ஹரிணியால் தனியாக ஏற முடியாது. அதனால் அவன் கூடவே ஏற வேண்டியதாயிற்று. இரண்டு படிக்கு ஒருமுறை நின்றார்கள். பாதிப் படியில் அவன் அதைக் கவனித்தான். ஏற ஏற அவள் மூச்சு வாங்குவது கூடவேண்டும். கூடவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. கலாமணி உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியில் வெறும் திருநீறு. இருவரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நான் ஹரிணிங்க" என்றாள் ஹரிணி. வேறெதுவும் சொல்லாமல், டாக்டர் சொன்னதை மட்டும் அப்படியே ஒப்பித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அழவில்லை. "உங்களுக்கு முடியாதுன்னா, நான் எறங்கிப் போயிர்றேன். நான் வந்து கேட்டதே தப்பாக்கூட இருக்கலாம்."

கீழே ஒரு லாரி கிளம்பும் சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு கலாமணி முன்னால் வந்து, திவாகரின் பிடியிலிருந்து ஹரிணியின் கையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள் அவனிடம்.

அவன் மேல் படியில் உட்கார்ந்தான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். கலாமணி தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். ஹரிணி சொல்லத் தொடங்கினாள். பள்ளியைப் பற்றி, எட்டாம் வகுப்பைப் பற்றி, பலகைத் திரையில் எழுதி எழுதியே கழிந்த மாதங்களைப் பற்றிச் சொன்னாள். திவாகர் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்துக் கேட்டான். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது வந்தது. அவள் எங்கேயும் நிற்கவில்லை.

பிறகு கலாமணியின் குரல் வந்தது.

"உனக்கு ஒண்ணு சொல்லோணும் கண்ணு. காரியம் முடிஞ்சு நான் மறுக்கா வந்து உக்காந்தேனே, அது உன்ற மேல இருந்த பாசத்துல இல்ல. உன்னைய நான் பாத்ததே இல்ல."

"தெரியுங்க."

"அவரு தோள்ல போட்டிருந்த துண்டைப் பையில போட்டு எடுத்துட்டு வருவேன். உன்ற பெட்டிகிட்ட மடியில விரிச்சு வெச்சுக்குவேன். பொழுது முச்சூடும் அப்படியே உக்காந்திருப்பேன். அவரு சட்டையெல்லாம் சனங்க குடுத்துருங்கன்னாங்க, தொவைச்சுருங்கன்னாங்க. கொஞ்ச நாள்ல அவரு வாசம் இந்த ஊட்டுலயே இருக்காது. எனக்கும் மறந்து போயிரும். அவரு வாசம் தெரிஞ்ச மூச்சு ஒண்ணாச்சும் இருக்கட்டும்னுதான் உக்காந்தேன். உன்னையக் கேக்காம உன்ற நெஞ்சுல கொண்டுபோயி அவரை வெச்சுட்டேன். தப்பா நெனச்சுக்காதே."

ஹரிணி என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் அழுதார்களா, அதுவும் தெரியவில்லை. அவன் படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெயில் ஏறிய பிறகு கதவு திறந்தது. ஹரிணி தானே நடந்து வந்தாள். தோளில் ஒரு காவித் துண்டு, ஓரமெல்லாம் மஞ்சளாக. கலாமணி பின்னால் நிலைப்படியில் நின்றாள்.

"இதோட சேத்து நாலு துண்டு இருக்குது. இதை ராத்திரி தலகாணி மேல போட்டுக்க. தொவைச்சுராதே. வாசம் போயிருச்சுன்னா வந்து வேற மாத்திக்க." பிறகு திவாகரைப் பார்த்தாள். ஆடி மாதத்துக்குப் பின் அவள் அவன் முகத்தை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு லாரி வர்றதுக்கு முன்னாலயே கூட்டியாந்துருங்க. அப்புறம் வண்டி நிறுத்த எடம் கெடைக்காது."

"சரிங்க" என்றான்.

பெருந்துறை தாண்டுவதற்குள் ஹரிணி தூங்கிவிட்டாள். துண்டு அவள் கன்னத்தின் கீழ் மடிந்து கிடந்தது. மஞ்சளும் வியர்வையும் வெற்றிலையும் கலந்த வாசம் வண்டிக்குள் பரவியிருந்தது. ஹரிணிக்கு நல்ல காற்று வேண்டும் என்று அவன் எப்போதும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பான். கை நீட்டி அதை ஏற்றினான். வாசம் வெளியே போகாமல் முழுக்க மூடிக்கொண்டு, அந்தக் காற்றையே தானும் இழுத்தபடி வீட்டை நோக்கி ஓட்டினான்.